பெரியவளுக்குக் கை வேகம்

நம் தேயிலைத் தோட்ட லயத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்ததே, அதைப் பற்றித்தான் இது. ரிங்லெட் சாலையோரக் காய்கறிக் கடை. பத்து வயது நிரம்பியிருக்குமோ என்னவோ, ஒரு பெண் பிள்ளை அம்மா அப்பாவுக்கு நடுவில் நின்றுகொண்டு, காரில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தக்காளி நிறுத்துப் போடுகிறது. மலாய்க்காரருக்கு மலாய், சீனருக்குச் சீனம், நம் ஆளுக்குத் தமிழ். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் கட்டைவிரலும் கைதட்டலுமாகக் கொட்டி வைத்திருந்தீர்கள்.

"இந்த மாதிரி புள்ளதான்லா நாளைக்கு உருப்படும்" என்று ஒருவர். "நாமெல்லாம் இப்படித்தானே வளந்தோம், என்னா கொறஞ்சிட்டோம்" என்று இன்னொருவர். "இப்ப உள்ளதுங்களுக்குப் போன நோண்ட மட்டுந்தான் தெரியுது" என்று மூன்றாமவர். அதையும் அவர் போனை நோண்டித்தான் எழுதியிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வயதாகிவிட்டது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறேன், வம்பு எதற்கு என்று. அப்போது உங்களில் ஒருவர் இப்படி எழுதினார். யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். "நம்ம குழுவுலயே அரசாங்க பென்ஷன் வாங்குறது யாரு? லீவு நாள்ல அம்மாகூடக் கொழுந்து பறிக்கப் போன பொண்ணுதானே. உழைப்புதான் தூக்கி விடும்." அதற்கும் கைதட்டல்.

அந்தப் பெண் நான்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் முன்னுக்கு வந்தது உழைத்ததால் இல்லை, ஐயா. உழைப்பில் மோசமாக இருந்ததால். இதைக் குழுவில் இரண்டு வரியில் எழுதினால் நீங்கள் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். அதனால் உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடக் கடைசி விடுமுறை அது. என் அக்கா தானா ராத்தா இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் முடித்திருந்தாள். வருகிற வருடம் அவளுக்கு மூன்றாம் படிவம், அரசாங்கப் பரீட்சை. அதைத் தாண்டினால்தான் மேலே போகலாம். நம் லயத்தில் அதுவரை ஒரு பெண் பிள்ளையும் அதைத் தாண்டியதில்லை. அக்கா தாண்டிவிடுவாள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் அவள்தான் முதல். அதை யாரும் பெரிதாகப் பேசியதுகூட இல்லை. வீட்டுக்குக் கூரை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, அக்கா முதலாவதாக வருகிறாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்ததில் கொழுந்து தள்ளிக்கொண்டு வந்தது. பறிக்க ஆள் போதவில்லை. அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இந்த லீவு மட்டும் கைகொடுங்க. பெரியவளோட பஸ்ஸு, புத்தகம், பரீட்ச எல்லாம் அதுலயே ஆயிரும்."

ஆக, அக்கா தேயிலைக்குள் இறங்கியது தன் படிப்புக்காகத்தான். இதை மறந்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் தேயிலைக்குள் வரக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். அதற்கு முந்திய வருடம் ஒரு பிள்ளை மருந்து அடித்த செடியைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கி ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து கெடுபிடி இன்னும் அதிகம். எந்தப் பெண்ணின் நிரையில் பிள்ளை பிடிபட்டாலும் அவளுக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. நல்ல சட்டம்தான். ஆனாலும் எல்லா வீட்டிலிருந்தும் போனோம். விடியலில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பிவிட்டு, கணக்கெழுதுகிற கிராணி ஆபீசுக்குள் நுழைகிற வரைக்கும் வீட்டில் பதுங்கியிருப்போம். பிறகு ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுவோம். பிள்ளைகள் கூடை கொண்டு போனால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கோதுமை மாவுச் சாக்கை வெட்டித் தைத்த பை ஒன்று, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி. மங்கிப்போன நீல எழுத்து அதில் தலைகீழாக இருக்கும். பழைய மாவு வாசனையும் ஈரக் கொழுந்து வாசனையும் கலந்து மூக்குக்குக் கீழேயே தொங்கும். அந்த மாதிரிப் பை ஒன்றை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பைகளை என்ன செய்தார்கள் என்றும் தெரியவில்லை.

தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் லேண்ட்ரோவர் கீழ் வளைவில் முனகினால், மேல் நிரையில் நிற்கிறவள் "மழ வருதுடீ!" என்று கத்த வேண்டும். உடனே நாம் எல்லோரும் செடிக்கு அடியில். மறந்தா போய்விட்டது? மேலே மேசை மாதிரி மட்டமாகத் தெரிகிற தேயிலைக்கு அடியில் வேறு ஓர் உலகம் இருந்தது. பாசி பிடித்த முண்டும் முடிச்சுமான கிளைகள், ஊறிக் கறுத்த சருகு, கையில் ஏறுகிற அட்டை. குப்புறப் படுத்தால் முகத்துக்கு நேரே அம்மாவின் ரப்பர் பூட்ஸ். அந்த பூட்ஸ் அசையாமல் நின்றால் துரை பக்கத்தில் இருக்கிறார், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினால் போய்விட்டார்.

ஒரு நாள் நிஜமாகவே மழை வந்துவிட்டது. மேல் நிரைப் பெண் பதறிப்போய்க் கத்த, நாங்கள் அத்தனை பேரும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டோம். பெரியவர்கள் எல்லோரும் கொட்டகைக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் மட்டும் சேற்றில் ஊறிக்கொண்டு, பூட்ஸ் எதுவும் கண்ணில் படாமல் கிடந்தோம். கடைசியில் அக்காதான் தலையை வெளியே நீட்டி, "தொரயும் இல்ல, ஒருத்தரும் இல்ல, நாமதான்டீ இங்க லூசு மாதிரி நனையறோம்" என்றாள். ஒரு வாரத்துக்கு லயத்தில் இதே சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் இவ்வளவு கோபமும் வருகிறது.

அக்காவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கையும் தனித்தனி ஆள் மாதிரி வேலை செய்யும். கொழுந்து கிள்ளுகிற சத்தம் விட்டு விட்டு வராது, கடலை பொரிகிற மாதிரி தொடர்ந்து வரும். முற்றல் இலை ஒன்று பையில் விழாது. கை அது பாட்டுக்கு ஓட, வாய் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து நிரையில் நின்று அதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு ஆங்கிலமே வந்தது.

நானோ ஒரு கொழுந்து கிள்ளினால் இரண்டு சிலந்தியை வேடிக்கை பார்ப்பேன். ஓடை மேட்டில் சிவப்பாக ஒரு காட்டுப் பழம் பழுக்கும், அதைத் தேடிப் போய்விடுவேன். அம்மா என் பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள்.

"இதென்னாடி, சாமிக்குப் போடவா பறிச்சிட்டு வந்த?"

அக்காவின் பையைக் கவிழ்க்கும்போது ஒன்றும் பேச மாட்டாள். முகம் மட்டும் மலரும். எங்கள் இரண்டு பேர் கொழுந்தும் அம்மாவின் கூடையில் விழும். தராசில் ஏறும்போது அது அம்மாவின் கொழுந்து. கிராணி அம்மா பெயருக்கு நேரே எழுதிக்கொள்வார். எல்லா வீட்டிலும் இதே கதைதான், ஆனால் எல்லா வீட்டிலும் என் அக்கா இல்லை. கூட்டத்தை மேற்பார்க்கிற கங்காணிக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? அவர் கூட்டத்து எடை ஏறினால் அவருக்குத்தானே நல்ல பெயர். எங்கள் தலை தெரிந்தால் அவர் வானத்தைப் பார்ப்பார்.

அந்த வருடம் துரை புதுசு. சின்ன வயது, கீழே பட்டணத்திலிருந்து வந்தவர். மலாயில் பேசுவார், கிராணி அதைத் தமிழில் சொல்வார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் தராசுக் கொட்டகைக்கு வந்து அம்மாவின் கூடையைப் பார்த்தார். ஓடை மேட்டுக்குப் பின்னால் நானும் அக்காவும் வீட்டுக்குக் கிளம்பாமல் படுத்திருந்தோம். எல்லாம் காதில் விழுந்தது.

"ஒரே ஆளாவா பறிச்சன்னு தொர கேக்குறாரு" என்றார் கிராணி.

"ஒரே ஆளுதாங்கய்யா."

"எப்படி முடியுதுன்னு கேக்குறாரு."

"கைப் பழக்கங்கய்யா. சின்ன வயசுலேருந்து பறிக்கிறேன்ல."

"பாகுஸ், பாகுஸ்" என்று துரை தலையை ஆட்டினார். நன்று, நன்று. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

வேறென்ன சொல்லியிருப்பாள் என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் ஒரு வாரம் வேலை போகும். சரி. "இந்த வருசம் கொழுந்து நல்லாருக்குங்கய்யா" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாமே? கைப் பழக்கம் என்று ஏன் சொல்ல வேண்டும்? அதைச் சொன்னபோது அவள் தோள் நிமிர்ந்ததை நான் மேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவளை யாரும் எதற்கும் பாராட்டியதில்லை. அந்த ஒரு நாள் பாராட்டினார்கள், அவளால் அதை விட முடியவில்லை. எனக்கு இது நன்றாகவே புரிகிறது, புரிவதால் கோபம் குறையவில்லை.

வருடக் கடைசிச் சம்பள நாளன்று ஆபீஸ் முன்னால் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். குளிர் மூக்கைக் கடித்தது. துரை அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு சிவப்புக் கம்பளியைக் கையில் கொடுத்தார். புதுசு, ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் அக்காவும் கூட்டத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள், எந்தச் சோப்புக்கும் போகாது.

பிறகு துரை பேசினார். கிராணி தமிழில் சொன்னார்.

"இந்த அம்மா ஒருத்தியால முடியுதுன்னா மத்தவங்களாலயும் முடியுமாம். இவ்வளவு நாளா ஒரு ஆளு ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய எடைய ரொம்பக் கொறச்சி வச்சிட்டாங்களாம். அதனால ஜனவரியிலேருந்து எடை ஏறுது. அத எட்டுனாத்தான் முழு நாள் பேரு, முழுச் சம்பளம். எட்டலன்னா அர நாள்தான்."

ஒவ்வொரு பெண்ணும் கூட்டத்தில் தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்து வீட்டு அத்தை வாயைத் திறந்து மூடினாள். என்னவென்று சொல்வது? "அது எங்க புள்ளைங்களும் சேந்து பறிச்சதுங்க" என்றா? சொன்னால் எல்லோருக்கும் ஒரு வாரம் வேலை போகும். நாங்கள்தான் தேயிலைக்குள் இல்லவே இல்லையே. இல்லாத பிள்ளைகள் எப்படிப் பறித்திருக்கும்?

நான் சொல்லிவிட்டேன். அதாவது, சொல்லத் தொடங்கினேன். "அம்மா, நாங்களுந்தானே..." என்று குரல் எழுந்ததும் என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கிள்ளியது அம்மா இல்லை, அம்மா முன்னால் நின்றாள். அக்கா.

அன்றிலிருந்து குழாயடியில் அம்மாவிடம் யாரும் பேசவில்லை. "வழி விடுங்கடி, கம்பளிக்காரி வர்றா" என்பார்கள். எல்லோர் வீட்டிலிருந்தும்தான் பிள்ளைகள் போயின, எல்லோர் கூடையிலும்தான் எடை ஏறியது. ஆனால் கம்பளி எங்கள் வீட்டில் இருந்தது.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் போய்விட்டோம். முதல் வாரமே பாதிப் பெண்களுக்கு அரை நாள் பேர். அம்மாவுக்கும்தான். மற்றவர்கள் தவறினால் முடியவில்லை என்று ஆகும். அம்மா தவறினால் சோம்பல் என்று ஆகும், ஏனென்றால் முடியும் என்று காட்டியவளே அவள்தான். கங்காணி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, நீயே கொறச்சிட்டா தொர என்னத்தானே கேப்பாரு? பெரியவள ஒரு ரெண்டு வாரம் அனுப்பு. அதுக்குள்ள நான் தொரகிட்டப் பேசி எடைய எறக்கிடறேன்."

அவர் பேசவே இல்லை. எப்படிப் பேசுவார்? வானத்தைப் பார்த்தவர் அல்லவா.

அன்று இரவுச் சாப்பாட்டில் முடிவானது. அப்பா மருந்து அடிக்கிற கூட்டத்தில் வேலை செய்தார். எவ்வளவு குளித்தாலும் மருந்து வாசனை போகாது. அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"பெரியவளுக்குக் கை வேகம். அவளே போகட்டும். சின்னவ போயி என்னா ஆகப்போவுது, நாலு எல பறிக்க மாட்டா."

"பரீட்ச இருக்கேப்பா" என்றாள் அக்கா.

"ரெண்டு வாரத்துல பரீட்சயா வந்துரும்?" என்றாள் அம்மா. "ஒனக்குத்தான் ஒருதரம் பாத்தா போதுமே. விட்டதெல்லாம் ஒரே நாள்ல படிச்சிருவ."

கவனித்தீர்களா? கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி என்பதால் அவள் நிற்க வேண்டும். படிப்பில் கெட்டிக்காரி என்பதால் நின்றாலும் பரவாயில்லை. இரண்டிலும் மந்தமாக இருந்த நான் மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு என் கையும் அவள் கை மாதிரி ஓடியிருந்தால் இன்றைக்கு எனக்குப் பென்ஷன் இல்லை. உழைப்புதான் தூக்கி விடும் என்று எழுதினாரே, அவருக்காக இதை இன்னொரு முறை சொல்கிறேன். நன்றாக உழைத்த பிள்ளையை உழைப்பு விடவில்லை. வேடிக்கை பார்த்த பிள்ளையை விட்டுவிட்டது.

முதல் சில நாள் அக்காவின் தோழி ஒருத்தி பஸ் வரும் இடத்தில் என்னிடம் வீட்டுப்பாடம் கொடுத்தனுப்பினாள். அக்கா முகம் கழுவிவிட்டு, விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள். மூன்றாவது வாரம் எழுதவில்லை. பிறகு தோழியும் கொடுக்கவில்லை. புத்தகங்களை அக்கா பிளாஸ்டிக்கில் சுற்றிப் பரண் மேல் வைத்தாள், மழை ஒழுகினால் நனையக்கூடாது என்று. சுண்ணாம்பு பூசி வெளுத்து வைத்திருந்த பள்ளிக்குப் போடும் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து மட்டும் கொஞ்ச நாள் வாசலில் இருந்தது. என்னுடையது கிழிந்ததும், முனையில் பஞ்சு அடைத்து அதை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எடை இறங்கவே இல்லை. எப்படி இறங்கும்? எங்கள் வீட்டில் மட்டுமா, ஒரு வீடு விட்டு ஒரு வீடு, கை வேகமான பிள்ளை ஒன்று நின்றது. அவர்கள் பறித்து அம்மாமார் கூடையில் போட்டார்கள். கூட்டம் எடையை எட்டிவிட்டது. துரைக்குத் தான் கணக்குப் போட்டது சரிதான் என்று தெரிந்துபோயிற்று. பிள்ளைகள் வந்ததால் எடை ஏறியது, எடை ஏறியதால் பிள்ளைகள் போக முடியவில்லை. இதைத்தான் அம்மாவுக்கு ஒத்தாசை என்று சொல்கிறோம்.

அக்காவுக்குப் பதினாறு ஆகித் தொழிலாளியாகப் பெயர் பதிகிற வரை அவள் ஒளிந்தேதான் பறித்தாள். வளர்கிற வயது. செடிக்கு அடியில் கால் கொள்ளாது, முழங்கால் வெளியே தெரியும். அம்மா தன் இடுப்பில் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் படுதாவை அதன் மேல் இழுத்து விடுவாள்.

நம் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜனவரி முதல் நாள் கை நீட்டச் சொல்லி, என் விரலில் கறையைப் பார்த்துவிட்டு, "லீவு பூரா குளிக்கவே இல்லியா?" என்று அடிமட்டத்தால் இரண்டு போட்டார். அதே வாத்தியார் மார்ச் மாதம் பள்ளிக்கூடச் சபை கூடும்போது என் அக்காவைப் பற்றிப் பேசினார். தாய்க்குத் தோள் கொடுக்கிற பிள்ளை, குடும்பத்தின் விளக்கு, நீங்கள் எல்லோரும் அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பதினொரு வயதில் வேறென்ன செய்வது? அவர் பஸ்ஸில் ஏறித் தானா ராத்தாவுக்குப் போய், இந்தப் பிள்ளையின் இடத்தை வைத்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக விளக்கு என்றார்.

அந்தத் தக்காளிப் பெண்ணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டப்பகலில், எல்லோர் கண் முன்னாலும், அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நிற்கட்டும். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரி என்று கைதட்டிவிட்டு மட்டும் போகாதீர்கள். திங்கட்கிழமை காலையில் அது எங்கே இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா?

இன்னொன்றையும் கேட்கிறேன். நம் குழுவில் எத்தனை பேர் இருக்கிறோம்? அதில் அந்த ஜனவரியில் நின்றுபோன அண்ணன்மார் யார், அக்காமார் யார்? ஒருவரும் இல்லை. யாரும் விலக்கி வைக்கவில்லை, பள்ளிக்கூடம் முடித்தவர்கள் குழு என்று ஆரம்பித்தோம், அவர்கள் வரவில்லை. வேலை செய்து நாம் என்ன குறைந்துவிட்டோம் என்று, குறையாமல் போனவர்கள் மட்டும் கூடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன ஞாயிறு, இந்தக் கோபத்தோடேயே, ரிங்லெட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள், காதும் கேட்கிறது, கண்ணும் தெரிகிறது. அக்காவின் மகன் லெம்பா பெர்த்தாமில் பூத்தோட்டம் வைத்திருக்கிறான். அவன் மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய காலத்தைக் கேட்டுப் பதிவு செய்து வரச் சொன்னார்களாம். போனை நிமிர்த்தி வைத்து அம்மாவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அதே மேசையில் முட்டைக் கோபிஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரிய பாட்டி, அப்பல்லாம் புள்ளைங்களும் தோட்டத்துல வேல செஞ்சாங்களா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மத்த வீட்டுல செஞ்சிருப்பாங்க. நான் எம் புள்ளைங்கள தேயிலப் பக்கமே விட்டதில்ல. தனி ஆளா பறிச்சேன். தொரயே கேட்டாரு, எப்படி முடியுதுன்னு."

"அப்ப பாட்டி ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டாள்.

"நான் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான்மா அனுப்புனேன். சின்னவ படிச்சா, கவர்மெண்டு வேலைக்குப் போனா. ஒன் பாட்டிக்குப் படிப்பு ஏறல. என்னா செய்யிறது, ஆளுக்கு ஒண்ணு."

நான் அக்காவைப் பார்த்தேன். கத்தி நிற்கவில்லை. "தொண்ட காயுது பாரு, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் பேசும்மா" என்று கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் தெரியும். துரைக்குச் சொன்ன பதிலை இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி, அதுவே நடந்ததாகிவிட்டது. நாங்கள் அன்றைக்கும் அங்கே இல்லை, இன்றைக்கும் அங்கே இல்லை. எண்பது வயது கிழவியோடு சண்டை போடவா முடியும்? எனக்குத் தலைக்குள் சுர்ரென்றது. அக்கா கோபிஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போக, நானும் பின்னாலேயே போனேன்.

"ஏங்க்கா கல்லு மாதிரி இருக்க? அந்தப் புள்ளகிட்ட நெசத்தச் சொல்லேன்."

"எதச் சொல்றது?" அவள் சட்டியை அடுப்பில் வைத்தாள். "எனக்குக் கல்யாணம் பேச வந்தப்பவும் அம்மா அதத்தான் சொன்னிச்சு. எம் பிள்ளைங்க கேட்டப்ப நானும் அதத்தான் சொன்னேன்."

சட்டியில் எண்ணெய் ஊற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ கூடவே இருந்தியே. எனக்குப் படிப்பு ஏறிச்சா?"

கேலி என்றுதான் நினைத்தேன். இல்லை, அவள் பதிலுக்காக நின்றாள். அறுபதைத் தாண்டிய மனுஷி, பேரப்பிள்ளை எடுத்தவள், தங்கையிடம் கேட்கிற கேள்வியா இது?

"நீதான்க்கா மொதல்ல வருவ" என்றேன்.

"எந்த வகுப்புல?"

"எல்லா வகுப்புலயும்."

"அப்படியா" என்றாள். கடுகைப் போட்டாள், அது வெடித்து அடங்கியது. "எனக்கு ஞாபகமே இல்லடீ."

கோபிஸை அள்ளிச் சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டே, கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இத யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. அம்மா காதுக்குப் போனா வருத்தப்படும்."

சரி என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.